எண்கோண மேசை நடுவிரிப்பு: எம்பிராய்டரி போட்டு இணைத்தபின் நடுப்பகுதி எழும்பி நிற்பது ஏன்?

நூல்கண்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உணவு மேசையின் நடுவில் பூச்சாடிக்கு அடியில் விரிப்பதற்காக, எண்கோண வடிவில் ஒரு துணிவிரிப்பை எம்பிராய்டரி மெஷினின் உதவியுடன் செய்துகொண்டிருக்கிறேன். என்னிடம் உள்ள மிகப் பெரிய ஹூப்பின் (துணியைப் பிடித்துவைக்கும் சட்டத்தின்) தையல் பரப்பு 130க்கு 180 மி.மீ. மட்டுமே. முழு விரிப்பையும் அதில் ஒரே தடவையில் போட முடியாது என்பதால், எண்கோணத்தை எட்டு முக்கோணத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கொடியும் பூவும் கொண்ட ஒரே டிசைனைப் போட்டு, பிறகு அவற்றைச் சாதாரணத் தையல் மெஷினில் இணைப்பது என்று திட்டமிட்டேன்.

ஒவ்வொரு துண்டும் நுனியிலிருந்து வெளிவிளிம்பு வரை 150 மி.மீ. உயரம் கொண்டது. டிசைனில் பூக்கள் அடர்ந்த பகுதி வெளிவிளிம்பை ஒட்டி வருகிறது. துணி நடுத்தரக் கனமுள்ள பருத்தி. மேல்நூல் 40ஆம் எண் பாலியெஸ்டர். அடியில் கிழித்தெடுக்கும் வகை ஸ்டெபிலைசரை (துணி இழுபடாமல் தாங்கும் தாளை) ஓர் அடுக்கு வைத்தேன். துண்டுகளை முதலிலேயே அட்டை மாதிரி வைத்துச் சரியான அளவில் வெட்டிக்கொண்டு, அவற்றை ஸ்டெபிலைசரின் மேல் ஒட்டி, அதன் பிறகு எம்பிராய்டரி போட்டேன்.

மாதிரிக்கு இணைத்த விரிப்பை மேசையில் போட்டுப் பார்த்தால், விளிம்பு மேசையில் படிகிறது. ஆனால் நடுப்பகுதி எழும்பி நிற்கிறது. கையால் அழுத்தினால் வேறோர் இடத்தில் மடிப்பு விழுகிறது. அத்துடன் சாட்டின் தையல் (ஊசி இடமும் வலமுமாக நெருக்கமாக ஓடும் தையல்) வரும் இதழ்களைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கிறது. இஸ்திரி போட்டாலும் அது முழுமையாக விலகவில்லை. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா? ஸ்டெபிலைசரை மாற்ற வேண்டுமா, அல்லது வேலையின் வரிசையையே மாற்ற வேண்டுமா? விளிம்பைப் பட்டி வைத்து முடிப்பதா, பின்துணியுடன் சேர்த்துத் தைத்துத் திருப்பிப் போடுவதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

அளவுகோல்

வணக்கம். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான் என்றாலும் தீர்வு வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. சுருக்கத்தைப் பற்றி மற்றவர்கள் விரிவாகச் சொல்வார்கள்; நடுப்பகுதி எழும்புவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

எட்டுத் துண்டுகளும் தட்டையாகப் படிய வேண்டுமானால் அவற்றின் நுனிக் கோணங்கள் சேர்ந்து சரியாக 360 டிகிரி வர வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் 45 டிகிரி. கூட்டுத்தொகை அதைவிடக் கூடினால் விளிம்பு அலை அலையாக நிற்கும். குறைந்தால் நடுப்பகுதி குடையைப் போல் எழும்பும். உங்கள் விரிப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எம்பிராய்டரித் தையல் எப்போதும் துணியைத் தன் பக்கம் சிறிது இழுத்துக்கொள்ளும். தையல் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே இழுப்பும் அதிகம். உங்கள் டிசைனில் அந்த அடர்த்தி வெளிவிளிம்பை ஒட்டி இருப்பதால், உயரம் அப்படியே இருக்க, விளிம்பின் நீளம் மட்டும் குறைந்திருக்கிறது.

இந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் அதன் விளைவு பெரிது. 150 மி.மீ. உயரமுள்ள துண்டின் வெளிவிளிம்பு ஏறத்தாழ 124 மி.மீ. இருக்க வேண்டும். அது 2 மி.மீ. குறைந்தால் நுனிக் கோணம் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். எட்டுத் துண்டுகளும் சேரும்போது சுமார் 5 டிகிரி காணாமல் போய்விடும். அந்த 5 டிகிரிக்கு, கணக்குப்படி நடுப்பகுதி ஏறத்தாழ 25 மி.மீ. உயர வேண்டும். துணி என்பதால் அது முழுவதும் உயராமல் பாதி மடிப்பாக மாறிவிடுகிறது. நீங்கள் அழுத்தும்போது மடிப்பு வேறோர் இடத்துக்கு நகர்வதற்கு இதுவே காரணம். இஸ்திரிப் பெட்டியால் இதைச் சரிசெய்ய இயலாது.

ஆகவே முதலில் எம்பிராய்டரி, பிறகே வெட்டு என்ற வரிசைக்கு மாறுங்கள். ஹூப்பில் முழுமையாகப் பிடிபடும் அளவுக்குப் பெரிய செவ்வகத் துணியை எடுத்து, அதில் டிசைனைப் போட்டு, ஹூப்பிலிருந்து எடுத்தபின் ஸ்டெபிலைசரை நீக்கி, கனமான குளியல் துண்டின் மேல் முகப்பைக் கவிழ்த்து வைத்துப் பின்புறத்திலிருந்து இஸ்திரி போட்டு, துணி ஆறிய பிறகுதான் அட்டை மாதிரியை வைத்து வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் துணி எவ்வளவு இழுபட வேண்டுமோ அவ்வளவு இழுபட்டு முடிந்திருக்கும். நீங்கள் வெட்டுவது உண்மையான 45 டிகிரியாக இருக்கும்.

வெட்டும் கோட்டையும் டிசைனோடு சேர்த்தே தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதலில் தைத்தால் அந்தக் கோடும் இழுபட்டுக் கோணலாகிவிடும். கடைசியில் தைத்தாலும் ஹூப்பைக் கழற்றியதும் துணி சற்று நெகிழ்ந்து அளவு மாறும். எனவே முழுக் கோட்டையும் தைக்காமல், நுனி விழ வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி, வெளிவிளிம்பின் நடுவில் ஒரு புள்ளி என இரண்டு அடையாளங்களை மட்டும் நீளத்தையல்களாகப் போடும்படி டிசைனில் சேர்த்துவிடுங்கள். அட்டைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டில் மாதிரியை வெட்டி, அதன் நடுக்கோட்டை இந்த இரண்டு புள்ளிகளின் மேல் வைத்தால், எட்டுத் துண்டுகளிலும் பூ ஒரே இடத்தில் விழும். தையலுக்காக முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் 6 மி.மீ. கூடுதலாக விட்டால் போதும். அந்த 6 மி.மீ. தையல் பரப்புக்கு வெளியே போனாலும் கவலையில்லை. அங்கே துணி இருந்தால் போதும், மெஷின் அங்கே தைக்கப் போவதில்லை.

துணியின் நேர் இழை எட்டுத் துண்டுகளிலும் நடுக்கோட்டின் வழியே ஓடட்டும். அப்போது இரு பக்கச் சாய்வு விளிம்புகளும் ஒரே அளவு இழுபடும் தன்மையுடன் இருக்கும்; ஒரு துண்டு நேர் இழையிலும் அடுத்தது குறுக்கிழையிலும் இருந்தால், தைக்கும்போது ஒன்று நீண்டு மற்றொன்று நீளாமல் போகும்.

இணைக்கும்போது எட்டையும் வரிசையாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். இரண்டிரண்டாக இணைத்து நான்கு, நான்கை இணைத்து இரண்டு பாதிகள் என்று கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பாதியும் 180 டிகிரி, அதாவது அதன் வெட்டு விளிம்பு நேர்க்கோடு. அளவுகோலை அதன் மேல் வைத்தால் கோணல் இருப்பது உடனே தெரிந்துவிடும். இருந்தால் அந்த இடத்திலேயே விளிம்பை நேராக்கிக்கொண்டு, கடைசித் தையலை ஒரே நேர்க்கோட்டில் போடலாம். நடுவில் எட்டுத் தையல்களின் விளிம்புத் துணிகள், மொத்தம் பதினாறு அடுக்குகள், ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்பதால், எல்லாத் தையல்களையும் விரித்து இஸ்திரி போட்டு, நுனிகளில் நீட்டிக்கொண்டிருப்பவற்றை வெட்டிவிடுங்கள்.

---

பாபின்பெட்டி

அளவுகோல் சொன்ன வரிசையை அப்படியே ஏற்கிறேன். ஆனால் துணி இழுபடுவதை வெட்டும்போது சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், இழுப்பையே குறைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் கோணம் சரியாகி விரிப்பு தட்டையாகப் படியும். இதழ்களைச் சுற்றியுள்ள சுருக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் இந்த வேலைக்குப் பொருத்தமானது அல்ல என்பது என் கருத்து. சாட்டின் தையலின் இரு விளிம்புகளிலும் ஊசி நெருக்கமாக இறங்குவதால், அந்தத் தாள் தபால்தலையின் ஓரத்தைப் போல் துளையாகி, டிசைன் பாதி முடிவதற்குள்ளேயே பிடிப்பை இழந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் தையல்களை வெறும் துணி மட்டுமே தாங்க வேண்டியிருக்கிறது. பின்புறமும் கண்ணில் படும் கைக்குட்டை, மேல்துண்டு போன்றவற்றுக்குக் கிழித்தெடுக்கும் வகையைப் பயன்படுத்துவதில் நியாயம் உண்டு. உங்கள் விரிப்பிலோ பின்துணி வரப்போகிறது. உள்ளே என்ன இருந்தாலும் யாருக்கும் தெரியாது. எனவே வெட்டியெடுக்கும் வகை (கிழியாமல் துணியோடு நிலைத்திருந்து, மிஞ்சியதை மட்டும் கத்தரிக்கும் வகை) ஸ்டெபிலைசரில், வலை போன்று மெல்லியதாக இருப்பதை வையுங்கள். அதை ஹூப்பில் துணியுடன் சேர்த்தே பிடிக்க வேண்டும். டிசைன் முடிந்ததும் முழுவதையும் நீக்காமல் முக்கோணத்தோடு சேர்த்து வெட்டிக்கொண்டால், சாய்வு விளிம்புகள் இழுபடாமலும் அது காக்கும். ஆனால் தையலுக்கு விட்ட 6 மி.மீ. பகுதியில் இருப்பதை இணைத்தபின் கத்தரித்துவிடுங்கள், இல்லையெனில் நடுப்புள்ளியில் கனம் கூடும்.

ஹூப்பில் துணியைப் பிடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். திருகை இறுக்கிய பிறகு துணியின் ஓரங்களைப் பிடித்து இழுத்து விறைப்பாக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இழுத்த நிலையில் தைத்த துணி, ஹூப்பைக் கழற்றியதும் தன் பழைய அளவுக்குத் திரும்பும்; அதில் பதிந்த நூல் திரும்பாது. இதழைச் சுற்றி விழும் சுருக்கத்தில் பெரும்பங்கு இதனால்தான் வருகிறது. துணி சுருக்கமின்றித் தட்டையாக இருந்தால் போதும். இழைகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹூப்பின் விளிம்பருகே இழைகள் வளைந்திருந்தால் இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். வெட்டிய துண்டை ஸ்டெபிலைசரின் மேல் ஒட்டி வைத்துத் தைத்ததாகச் சொல்கிறீர்கள். அடர்த்தியான டிசைனுக்கு அந்தப் பிடிப்பு போதாது.

அடுத்தது டிசைனின் அடர்த்தி. முக்கோணத்துக்குள் அடங்குவதற்காக அதைச் சிறிதாக்கினீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மெஷினின் திரையிலேயே சிறிதாக்கும்போது, பல மெஷின்கள் தையல்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல் அவற்றை நெருக்கி மட்டும் வைக்கின்றன. 40ஆம் எண் நூலுக்கு வரிசைகளுக்கிடையே ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளி இருப்பது வழக்கம். கால் பங்கு சிறிதாக்கினால் அது 0.3 மி.மீ. ஆகிவிடும். அந்த நெருக்கத்தில் பருத்தித் துணி விறைத்து அட்டைபோல் ஆகும், சுருங்கவும் செய்யும். டிசைனை மறுகணக்கிட்டுத் தரும் மென்பொருளில் திறந்து சிறிதாக்குங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுடன் சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிச் என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நீங்களே வரைந்த வடிவத்துக்குத் தையலிட்டால் அடர்த்தியையும் அடித்தையலையும் (மேல்தையலுக்கு முன் அடியில் விழும் தாங்குதையலையும்) விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். டிஎஸ்டி போன்ற எம்பிராய்டரி மெஷின் கோப்பாக மட்டும் உங்களிடம் இருந்தால் அதில் இருப்பவை ஊசி இறங்கும் புள்ளிகளே. அதைப் பெரிதும் மாற்ற முனைவதைவிட, சரியான அளவில் வேறொரு டிசைனைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நூலின் இறுக்கத்தைச் சோதிப்பதற்கு, பழைய துணியில் 4 மி.மீ. அகலமுள்ள சாட்டின் பட்டை ஒன்றைத் தைத்துத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் நடுவே மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும் (மெஷினின் அடிநூலும்), அதன் இரு பக்கங்களில் மேல்நூலும் தெரிய வேண்டும். பாபின் நூல் அதைவிட அகலமாகத் தெரிந்தால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அதுவும் சுருக்கத்தைக் கூட்டும். ஊசி 75/11 எண் எம்பிராய்டரி ஊசியாக இருக்கட்டும்.

துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைத்தீர்களா? பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். பாலியெஸ்டர் நூல் சுருங்காது. இன்று தட்டையாக இருக்கும் பூ, முதல் துவைப்புக்குப் பின் மேடாகிவிடும்.

---

விரிப்புக்காரி

தொழில்நுட்பத்தை இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் டிசைனைப் பற்றிச் சற்று மாறுபட்டுப் பேச விரும்புகிறேன்.

நடுவிரிப்பின் மேல் ஏதாவது ஒன்று வைக்கப்படும். அதற்காகத்தான் அதை விரிக்கிறோம். பூச்சாடியின் அடிப்பாகம் 10 அல்லது 12 செ.மீ. விட்டம் இருந்தால், நடுவிலிருந்து 6 செ.மீ. வரை போடும் எம்பிராய்டரியை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்காதது மட்டுமல்ல, மேடு பள்ளமாக உள்ள நிரப்புத் தையலின் மேல் கண்ணாடிச் சாடி நிலையாக நிற்காது. கொடியின் தண்டு நுனிவரை ஓடுவதாக இருந்தால் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். முக்கோணத்தின் நுனிப் பாதியில் அகலமும் 6.5 செ.மீ.க்கு மேல் வராது. அந்தக் குறுகிய இடத்தில் தையலை நெருக்கினால் எட்டுத் தண்டுகளும் ஒரு புள்ளியில் மோதி, இணைக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். வாங்கிய டிசைன் அழகாக இருக்கிறது என்பதற்காக அதிலுள்ள அனைத்தையும் தைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்று: பெரிய இதழ்களை நிரப்புத் தையலால் நிரப்புவதற்குப் பதிலாக அப்ளிக் முறையில் செய்து பாருங்கள். மெஷின் முதலில் இதழின் வடிவத்தை ஒற்றைக் கோடாகத் தைத்துக் காட்டும். அதன் மேல் வேறு நிறத் துணியை வைத்ததும் அதைப் பிடித்துத் தைக்கும். கோட்டை ஒட்டி நீங்கள் கத்தரித்த பிறகு, விளிம்பை மட்டும் சாட்டின் தையலால் மூடும். கத்தரிக்கும்போது ஹூப்பை மெஷினிலிருந்து கழற்றலாம். துணியை ஹூப்பிலிருந்து கழற்றக்கூடாது. வளைந்த முனையுள்ள சிறிய கத்தரிக்கோலைத் தையலின் மேல் படுக்கவைத்தாற்போல் நகர்த்தினால், கோட்டிலிருந்து ஒரு மி.மீ. அளவுக்கு நெருங்கி வெட்ட முடியும்; அதைவிட அதிகமாக விட்டால் சாட்டின் தையலுக்கு வெளியே இழைகள் மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த முறையில் தையல்களின் எண்ணிக்கை மிகவும் குறைவதால் துணி இழுபடுவதும் குறையும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் பாதித் தீர்வு இதிலேயே கிடைத்துவிடும்.

விளிம்பைப் பொறுத்தவரை, திருப்பிப் போடும் முறையே இந்த வடிவத்துக்கு ஏற்றது. எண்கோணத்தின் மூலைகள் 135 டிகிரி என்பதால், திருப்பும்போது சதுர மூலையைப் போல் துணி அடைத்துக்கொள்ளாது. முகப்பும் பின்துணியும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் சுற்றிலும் தைத்து, ஒரு பக்கத்தின் நடுவில் 8 முதல் 10 செ.மீ. வரை திறப்பு விடுங்கள். திறப்பு மூலையில் வரக்கூடாது. திருப்பியபின் திறப்பைக் கையால் மறைதையல் போட்டு மூடி, விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே ஒரு நேர்த்தையல் ஓட்டினால் பின்துணி முன்பக்கம் எட்டிப்பார்க்காது. அடிக்கடி துவைக்கப்படும் விரிப்பு என்றால் பட்டி அதிக நாள் உழைக்கும் என்பதை மறுக்கவில்லை. பட்டிதான் வேண்டும் என்றால், இதற்குக் கிராஸ் பட்டி (இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டி) வெட்டித் துணியை வீணாக்க வேண்டாம். எட்டுப் பக்கங்களும் நேராக இருப்பதால் நேர் இழையில் வெட்டிய 6 செ.மீ. அகலப் பட்டியை இரண்டாக மடித்து வைத்தாலே போதும். கிராஸ் பட்டி வளைவுகளுக்கு மட்டுமே தேவை.

---

நூல்கண்டு

மூவருக்கும் மிக்க நன்றி. பாபின்பெட்டி கேட்டது சரியே: டிசைனை மெஷினின் திரையிலேதான் சிறிதாக்கியிருந்தேன், துணியையும் நனைக்கவில்லை. அந்தக் கோப்பின் தையல் எண்ணிக்கையைப் பார்த்தபோது, சிறிதாக்குவதற்கு முன்னும் பின்னும் அது மாறவே இல்லை. இதழ்களை அப்ளிக்காக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். துண்டின் உயரம் 150 மி.மீ. என்றால் விரிப்பு 30 செ.மீ. அகலத்தில் நின்றுவிடுகிறது, என் மேசைக்கு 40 செ.மீ.க்கு மேல் வேண்டும். அறுகோணமாக மாற்றினால் பெரிதாகுமா, அல்லது சுற்றிலும் வேறு நிறத்தில் கரை வைக்கலாமா? உள்ளே மெல்லிய பஞ்சு விரிப்பு வைப்பதாக இருந்தால், அதையும் ஹூப்பில் சேர்த்தே எம்பிராய்டரி போடலாமா?

---

அளவுகோல்

அறுகோணம் உங்கள் ஹூப்புக்குப் பாதகமானது. அதில் ஒவ்வொரு நுனியும் 60 டிகிரி என்பதால் துண்டு அகலமாகிவிடுகிறது. அதே 150 மி.மீ. உயரத்துக்கு வெளிவிளிம்பு 173 மி.மீ. வரும், உங்கள் தையல் பரப்பின் அகலம் 130 மி.மீ. மட்டுமே. எண்கோணத்திலேயே நின்று கரை வையுங்கள்.

கரை 60 மி.மீ. அகலம் இருந்தால் விரிப்பின் மொத்த அகலம் 42 செ.மீ. ஆகும். நடு எண்கோணத்தை முடித்துவிட்டுச் சுற்றிலும் கரையைத் தைத்து எட்டு மூலைகளிலும் மடிப்புப் பொருத்துவது சிரமமான வேலை. அதைவிட, ஒவ்வொரு முக்கோணத்தின் வெளிவிளிம்பிலும் கரைத் துண்டை முதலில் தைத்து, முக்கோணமும் கரையும் சேர்ந்த பெரிய துண்டாக்கிக்கொண்டு, பிறகு 210 மி.மீ. உயரத்துக்கான மாதிரியால் இரு சாய்வு விளிம்புகளையும் ஒரே வெட்டாக வெட்டுங்கள். எட்டையும் இணைக்கும்போது மூலைகள் தாமாகவே அமைந்துவிடும். கரையின் உள்விளிம்பு 124, வெளிவிளிம்பு 174 மி.மீ. என்பதால், வேண்டுமானால் அதிலும் ஹூப்பின் நீளவாக்கில் ஒரு கொடியைப் போட்டுக்கொள்ள இடம் இருக்கிறது. நான் போடமாட்டேன், பூக்கள் ஏற்கெனவே அதை ஒட்டி இருக்கின்றன.

கரைத் தையலின் விளிம்புத் துணியை ஒரு துண்டில் உட்பக்கமும் அடுத்த துண்டில் வெளிப்பக்கமும் படியும்படி மாற்றி மாற்றி இஸ்திரி போடுங்கள். அப்போது இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைக்கும்போது தையல்கள் ஒன்றில் ஒன்று பொருந்தி நிற்கும். கரைக்கோடு எங்கும் உடையாது. எட்டு இரட்டைப்படை என்பதால் இந்த மாற்று வரிசை கடைசித் துண்டில் முரண்படாது.

---

பாபின்பெட்டி

பஞ்சு விரிப்பை ஹூப்பில் சேர்க்க வேண்டாம். கனமான அடுக்கை வளையத்துக்குள் திணித்தால் பிடிப்பு நழுவும். வளையத்தின் தடமும் பஞ்சில் பதிந்துவிடும். அதைவிட முக்கியமாக, பஞ்சின் மேல் போடும் அடர்ந்த தையல் துணியை இன்னும் அதிகமாக உள்ளிழுக்கும். அளவுகோல் கணக்கிட்டுச் சொன்ன கோணம் மறுபடியும் கெட்டுவிடும்.

எட்டுத் துண்டுகளையும் இணைத்து முகப்பு முழுமையான பிறகு, அதன் பின்புறத்தில் தட்டையான பருத்திப் பஞ்சு விரிப்பை வைத்து ஓட்டுத்தையலால் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்துணியோடு சேர்த்துத் தைத்ததும், திருப்புவதற்கு முன் விளிம்பில் உள்ள பஞ்சைத் தையல்வரை கத்தரித்துவிடுங்கள். விளிம்பு தடிக்காமல் மெல்லியதாக அமையும். திருப்பி முடித்தபின், துண்டுகள் இணையும் எட்டுத் தையல்களின் பள்ளத்திலேயே நேர்த்தையல் ஓட்டினால் மூன்று அடுக்குகளும் நகராமல் நிற்கும். ஒவ்வொரு தையலையும் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கியே ஓட்டுங்கள். வெளியிலிருந்து தொடங்கினால் தளர்ந்த துணியெல்லாம் நடுவுக்குத் தள்ளப்படும்.